லூப் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது, எண்ணிக்கை 0 என்கிறது: பழைய பிரமாணப் பட்டியலுக்கான பாஷ் ஸ்கிரிப்ட்

பழையாறு | வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக ஒரு சின்ன பாஷ் ஸ்கிரிப்டோடு (லினக்ஸில் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் நிரல்) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா தக்கலையில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். பழைய பிரமாணங்களின், அதாவது பத்திரங்களின், நகல்கள் அவரிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எல்லாம் திருவிதாங்கூர் காலத்தவை. ஆங்கிலத் தேதி இருக்காது, கொல்லம் ஆண்டுதான். ம.ஆ. (மலையாள ஆண்டு, கொல்லம் ஆண்டேதான்) 1103, பங்குனி 9 என்கிற மாதிரி. இவற்றை ஊர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் ஒரே பட்டியலாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நானும் அத்தை மகளும் ஆளுக்குப் பாதியாகத் தட்டச்சு செய்து முடித்துவிட்டோம். மொத்தம் 612 வரிகள். ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், ஊர், பிரமாண வகை, கொல்லம் ஆண்டு, மாதம், நாள். இடையில் காற்புள்ளி. மாதத்துக்கு இரண்டு இலக்க எண் போட்டிருக்கிறோம். இங்கே கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும் என்பதால் ஆவணி 01, ஆடி 12.

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது மூன்று வேலை. ஊரின் பெயரை வைத்து வேறொரு ஃபைலிலிருந்து அந்தக் காலத் தாலுகாவை எடுக்க வேண்டும் (தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கில் ஒன்று). கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்ற வேண்டும். அந்த நகலின் ஸ்கேன் படம் சித்தப்பா வீட்டுக் கணினியில் இருக்கிறதா என்று எஸ்எஸ்எச் (வேறொரு கணினிக்குள் இங்கிருந்தே நுழைய உதவும் கட்டளை) வழியாகப் பார்க்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புது ஃபைலில் எழுதும்.

எழுதியிருக்கிற விதம்: கேட் கட்டளையால் பட்டியலைப் படித்து, பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக்குவது) வழியாக, வரி வரியாகப் படிக்கும் வைல் ரீட் லூப்புக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எண்ணியை ஒன்று கூட்டுகிறேன். எஸ்எஸ்எச் ஒவ்வொரு தடவையும் ஒரு எச்சரிக்கை வரியை அச்சிட்டுத் தொல்லை செய்ததால், லூப்பை முடிக்கும் டன் என்ற சொல்லுக்குப் பின்னால் பிழைச் செய்திகளை டெவ் நல்லுக்கு (போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் வெற்று ஃபைல்) திருப்பிவிட்டேன்.

என்ன நடக்கிறது என்றால், புது ஃபைலில் ஒரே ஒரு வரிதான் வருகிறது, முதல் பிரமாணம் மட்டும். லூப் முடிந்தபின் எண்ணியை அச்சிட்டால் 0. ஒரு வரி வந்திருக்கிறதே, அப்படியானால் குறைந்தது 1 என்றாவது இருக்க வேண்டாமா? பிழைச் செய்தியும் ஏதுமில்லை. எங்கே தேடுவது என்றே புரியவில்லை. கைபேசியிலிருந்து எழுதுவதால் நிரல் வரிகளை ஒட்ட முடியவில்லை, மன்னிக்கவும்.


சாரல் | வெள்ளி, இரவு 10:05

விண்டோஸில் தட்டச்சு செய்தீர்களா? அப்படியானால் வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டிருக்கும். பாதிப் பிரச்சினைகள் அதனால்தான் வருகின்றன. கேட் கட்டளைக்கு மைனஸ் பெரிய ஏ கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக் கடைசியிலும் டாலர் குறிக்கு முன்னால் தொப்பிக் குறியும் எம் எழுத்தும் தெரிந்தால் அதுதான்.


பழையாறு | வெள்ளி, இரவு 10:22

பார்த்தேன். வெறும் டாலர் குறிதான் இருக்கிறது. ஃபைலை லினக்ஸுக்குக் கொண்டுவந்த அன்றே அந்தக் குறியை நீக்கும் டாஸ்-டு-யூனிக்ஸ் ஓட்டியிருந்தேன்.


வேளிமலை | வெள்ளி, இரவு 11:10

தம்பி, இரண்டு அறிகுறிகளையும் ஒரே நோயாகப் பார்க்கிறீர்கள். இவை தனித்தனி. ஒன்றை வைத்து இன்னொன்றை விளக்கப் போனால் இரவு முழுக்கச் சுற்ற வேண்டியதுதான்.

முதலில், ஒரு வரியோடு நிற்பது. எஸ்எஸ்எச் இருக்கும் வரியை மட்டும் தற்காலிகமாக மூடிவிட்டு ஓட்டுங்கள். எல்லா வரிகளும் வந்துவிடும் என்று நினைக்கிறேன். காரணம் இதுதான்: ரீட் கட்டளை தன் வரியை எடுப்பது நிலையான உள்ளீட்டிலிருந்து. லூப்புக்குள் ஓடும் எல்லாக் கட்டளைகளுக்கும் அதே உள்ளீடுதான் பொது. எஸ்எஸ்எச் தொடங்கியதும் உள்ளீட்டில் மிச்சமிருக்கும் அத்தனையையும் படித்து எதிர்முனைக்கு அனுப்பிவிடும், அங்கே யாரும் கேட்கவில்லை என்றாலும். ரீட் குடத்திலிருந்து ஒரு தம்ளர் எடுத்தது, எஸ்எஸ்எச் குடத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. ரீட் திரும்ப வந்து பார்த்தால் தண்ணீர் இல்லை. அதனால் லூப் மரியாதையாக முடிந்துவிடுகிறது. இதில் யாருக்கும் பிழை இல்லை, அதனால்தான் பிழைச் செய்தியும் இல்லை.

தீர்வு மூன்று விதம். எஸ்எஸ்எச்சுக்கு மைனஸ் என் கொடுத்தால் அது உள்ளீட்டைத் தொடாது. அல்லது அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் உள்ளீட்டை டெவ் நல்லிலிருந்து கொடுங்கள். மூன்றாவது, பட்டியலை 3 என்ற எண்ணுள்ள ஃபைல் டிஸ்கிரிப்டரில், அதாவது நிலையான உள்ளீடு அல்லாத தனி வழியில், திறந்து ரீட்டை அங்கிருந்து படிக்கச் செய்வது. லூப்புக்குள் நிறையக் கட்டளைகள் இருந்தால் எனக்கு மூன்றாவதுதான் நிம்மதி. எது உள்ளீட்டைக் குடிக்கும், எது குடிக்காது என்று ஒவ்வொன்றாக நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. எஃப்எஃப்எம்பெக்கும் இதே வேலையைத்தான் செய்யும். கல்யாண வீடியோக்களை லூப்பில் சுருக்கப் போய் முதல் வீடியோவோடு நின்றுபோனவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது எண்ணி 0 காட்டுவது. பைப்புக்கு வலப்பக்கம் இருக்கும் லூப்பை பாஷ் தனியாக ஒரு பிள்ளை ஷெல்லில் (ஷெல் என்பது கட்டளைகளை ஓட்டும் நிரல், பாஷும் ஒரு ஷெல்தான்) ஓட்டுகிறது. எண்ணியின் ஒரு பிரதி அங்கே போகிறது. அங்கேதான் கூட்டல் நடக்கிறது. லூப் முடிந்ததும் பிள்ளை ஷெல் போய்விடும், கூட்டிய எண்ணும் அதோடு போய்விடும். நீங்கள் வெளியில் அச்சிடுவது தாய் ஷெல்லில் தொடாமல் கிடக்கும் 0. கேஷெல்லிலும் இசட்ஷெல்லிலும் பைப்பின் கடைசித் துண்டு தாய் ஷெல்லிலேயே ஓடும், அதனால் அங்கே பழகியவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். பாஷ் 4.2-இலிருந்து லாஸ்ட்பைப் என்று ஒரு ஷாப்ட் விருப்பம் உண்டு, ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. கேட்டையும் பைப்பையும் எடுத்துவிட்டு, டன்னுக்குப் பின்னால் 'விடச் சிறியது' குறி போட்டு ஃபைலை நேராகக் கொடுங்கள்.

இன்னொன்று. 612 தடவை எஸ்எஸ்எச் இணைப்பு எதற்கு? லூப்புக்கு முன்னால் ஒரே தடவை போய் அந்த ஃபோல்டரின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, லூப்புக்குள் அதில் தேடினால் போதுமே.


பழையாறு | சனி, காலை 6:50

அண்ணா, கோடி நன்றி. நீங்கள் சொன்னபடி எஸ்எஸ்எச்சை லூப்புக்கு வெளியே கொண்டுபோய்விட்டேன். பைப்பையும் எடுத்துவிட்டேன். ஆறு நிமிடம் ஓடும் என்று நினைத்தது நாலு விநாடியில் முடிந்தது.

ஆனால் எண்ணி 611 என்கிறது. சந்தேகப்பட்டு, வரிகளை எண்ணும் டபிள்யூசி மைனஸ் எல் போட்டால் அதுவும் 611. ஆக ஃபைலில் 611 வரிதான் என்று ஆகிறது. ஆனால் கடைசிப் பிரமாணத்தின் வரிசை எண் 612. நடுவில் எந்த எண்ணும் விடுபடவில்லை, சரிபார்த்துவிட்டேன்.


சாரல் | சனி, காலை 7:15

கடைசி வரிக்குப் பின்னால் எண்டர் தட்டாமல் ஃபைலைச் சேமித்திருக்கிறீர்கள். டபிள்யூசி எண்ணுவது வரிகளை அல்ல, வரிமுறிவுக் குறிகளை. ரீட்டும் வரிமுறிவைப் பார்க்காமல் ஃபைல் முடிவுக்கு வந்தால், படித்ததை மாறியில் வைத்துக்கொண்டே தோல்வி என்று சொல்லும். லூப் அதை நம்பி நின்றுவிடும். இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே தப்பான எண்ணைச் சொல்கின்றன, அதனால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க முடியாது. வரிசை எண்ணைப் பார்த்தீர்களே, அதுதான் சரியான சோதனை.

ஃபைலின் கடைசியில் ஒரு எண்டர் தட்டுங்கள். அல்லது லூப் நிபந்தனையில் 'ரீட் தோற்றாலும் மாறி காலியாக இல்லை என்றால் உள்ளே போ' என்று ஒரு அல்லதுப் பகுதி சேருங்கள். அதோடு ரீட்டுக்கு மைனஸ் ஆர் கொடுத்திருக்கிறீர்களா? கொடுக்காவிட்டால் பின்சாய்வுக் குறிகளை விழுங்கிவிடும்.


பழையாறு | சனி, காலை 7:40

மைனஸ் ஆர் கொடுத்திருந்தேன். எண்டர் தட்டினேன். 612 வந்துவிட்டது!

இப்போது தாலுகா. இதுதான் என்னைக் குழப்புகிறது. 612-இல் 88 வரிகளுக்குத் தாலுகா கிடைக்கவில்லை. தக்கலை, குளச்சல், சுசீந்திரம், பூதப்பாண்டி, இரணியல், வடசேரி எல்லாம் பொருந்துகின்றன. தோவாளை, கொட்டாரம், கொல்லங்கோடு, கோட்டாறு பொருந்தவில்லை. அதிலும் எல்லாத் தோவாளையும் இல்லை. வரிசை எண் 40-இல் இருக்கும் தோவாளைக்குத் தாலுகா வருகிறது. 415-இல் இருக்கும் தோவாளைக்கு வரவில்லை. இரண்டையும் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று ஊர்ப் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு அச்சிட்டேன். சுத்தமாக இருக்கிறது.


தொட்டிப்பாலம் | சனி, காலை 9:30

இதற்குத்தான் சொல்வது, தமிழ் எழுத்தோடு பாஷில் வேலை செய்யக் கூடாது. இருபது வரியில் பைத்தானில் எழுதிவிடலாம். எழுத்துகளை மாற்றும் ட்ஆர் கட்டளை இன்றும் பைட் பைட்டாகத்தான் பார்க்கிறது. டெபியன், உபுண்டுவில் வழக்கமாக இருக்கும் மாக் என்ற ஆக் (உரையைப் பிரித்துக் கையாளும் கருவி) வகை நீளம் கேட்டால் பைட்டை எண்ணித்தான் சொல்லும். எதற்கு இந்தத் தலைவலி? வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.


வேளிமலை | சனி, காலை 10:45

பைத்தானில் எழுதுவது நல்லதுதான், நானும் தமிழ் உரைக்கு அதைத்தான் எடுப்பேன். ஆனால் இப்போதே மாறினால் இந்தத் தோவாளை பைத்தானிலும் பொருந்தாது. நோய் ஃபைலில் இருக்கிறது, மொழியில் இல்லை.

தம்பி கொடுத்த பட்டியலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தாதவை தோவாளை, கொட்டாரம், கொல்லங்கோடு, கோட்டாறு. எல்லாவற்றிலும் ஒகரம் அல்லது ஓகாரம் இருக்கிறது. பொருந்துகிறவற்றில் ஒன்றில்கூட அது இல்லை. வடசேரியில் ஒற்றைக் கொம்பு... இல்லை, இரட்டைச் சுழிக் கொம்பு தனியாக வருகிறது, அது பொருந்துகிறது. காலும் கொம்பும் ஒரே எழுத்தில் சேரும் இடத்தில்தான் உடைகிறது.

40-ஆம் வரியிலிருந்தும் 415-ஆம் வரியிலிருந்தும் தோவாளை என்ற சொல்லை மட்டும் எடுத்து, பைட்டுகளைக் காட்டும் ஓடி கட்டளையில் பதின்ம எண்களாக அச்சிட்டு இங்கே போடுங்கள். கண்ணால் பார்ப்பதை விடுங்கள். திரை நமக்குக் காட்டுவது எழுத்துருவின் முடிவை. சொல்லைத் தேடும் கிரெப் கட்டளை பார்ப்பது எண்களை.


பழையாறு | சனி, மதியம் 12:20

போட்டேன் அண்ணா.

40-ஆம் வரியில் முதல் எழுத்து: 224 174 164, பிறகு 224 175 139.
415-ஆம் வரியில்: 224 174 164, பிறகு 224 175 135, பிறகு 224 174 190.

அதற்கு அப்புறம் வாளை என்ற பகுதி இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. மொத்தம் எண்ணினால் முதலாவது 18 பைட், இரண்டாவது 21 பைட்.


வேளிமலை | சனி, மதியம் 1:05

கிடைத்துவிட்டது.

யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். 224 174 164 என்பது த. 224 175 139 என்பது ஓகாரக் குறி, ஒரே குறியாக. 415-ஆம் வரியில் இருப்பது த, அதன்பின் ஏகாரக் குறி தனியாக (224 175 135), அதன்பின் கால் தனியாக (224 174 190). இரண்டையும் எழுத்துரு அழகாகச் சேர்த்துத் தோ என்றே வரைந்துவிடும். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் கிரெப் அந்தச் சமத்தைப் பார்ப்பதில்லை. பைட் ஒத்துப்போனால்தான் பொருத்தம்.

உங்கள் அத்தை மகள் தட்டச்சு செய்த பாதி பழைய எழுத்துருவில் செய்யப்பட்டு, பிறகு ஏதாவது மாற்றியில் போட்டு யூனிகோடாக்கப்பட்டதா?


பழையாறு | சனி, மதியம் 1:20

ஆமாம் அண்ணா! அவள் பாமினியில்தான் தட்டச்சு செய்வாள், டிடிபி கடையில் பழகியவள். பிறகு ஒரு மாற்றியில் போட்டு அனுப்பினாள். 307-ஆம் எண்ணிலிருந்து அவள் பாதி. பொருந்தாத 88 வரியும் 307-க்கு மேல்தான் இருக்கின்றன. இப்போதுதான் கவனித்தேன்.


வேளிமலை | சனி, மதியம் 1:50

அப்படியென்றால் புரிகிறது. பாமினி போன்ற எழுத்துருக்களில் கொம்பை முதலில், எழுத்தை அடுத்து, காலைக் கடைசியில் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவோம். சில மாற்றிகள் கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், கொம்பையும் காலையும் ஒன்றாக்குவதில்லை. அத்தை மகள் மேல் எந்தத் தவறும் இல்லை, அவர் சரியாகத்தான் தட்டியிருக்கிறார்.

செய்ய வேண்டியது: லூப்புக்குள் போவதற்கு முன்பே இரண்டு ஃபைலையும், அதாவது பட்டியலையும் தாலுகா ஃபைலையும், என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள். ஐசியூ என்ற யூனிகோடு கருவிகளில் வரும் யூகான்வ் இதைச் செய்யும். அது இல்லையென்றால் பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் போதும். லூப்புக்குள் வரிக்கு வரி செய்ய வேண்டாம்.

இரண்டு விஷயத்தை மட்டும் என்எஃப்சி தொடாது. கால் முன்னாலும் கொம்பு பின்னாலும் மாறிப்போயிருந்தால் அது சேராது. இன்னொன்று ஔகாரம். கௌரி என்பதில் வரும் குறியின் வலப்பகுதி பார்வைக்கு ள போலவே இருப்பதால், பலர் எகரக் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டிவிடுவார்கள். திருவிதாங்கூர் ராணிமார் பெயர்களில் கௌரி அடிக்கடி வரும் என்பதால் சொல்கிறேன். உங்கள் பிரமாணங்களிலும் இருக்கலாம். அதைக் கண்ணால் தேடித்தான் திருத்த வேண்டும்.


தொட்டிப்பாலம் | சனி, மதியம் 2:10

சரிதான், ஒப்புக்கொள்கிறேன். பைத்தானிலும் நார்மலைஸ் செய்யாமல் ஒப்பிட்டால் பொருந்தாதுதான். இப்போது சோதித்துப் பார்த்தேன், இரண்டு தோவாளையும் சமமில்லை என்றது. நீளம் ஒன்றுக்கு 6, மற்றதுக்கு 7.


பழையாறு | சனி, இரவு 8:30

மாற்றிவிட்டேன். 88 இருந்த இடத்தில் இப்போது 5. அந்த ஐந்தும் உண்மையிலேயே எழுத்து வேறுபாடு. கோட்டாறு, கோட்டார் என்று இரண்டு விதமாகத் தட்டியிருக்கிறோம். கையால் திருத்திவிட்டேன்.

முடிந்தது என்று நினைத்துச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். பூதப்பாண்டி பக்கம் ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினை, ம.ஆ. 1103 தை. அதில் இளையவருக்கு வந்த தென்னந்தோப்பை அவர் விற்ற கிரயம், 1103 பங்குனி. என் பட்டியலில் பாகப்பிரிவினை 1928 என்றும் கிரயம் 1927 என்றும் இருக்கிறது. "பாகம் பிரியுமுன்னே பங்கை எப்படி மக்களே விப்பான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

ஆண்டு மாற்றும் கணக்கு இதுதான்: மாதம் 6 அல்லது அதற்கு மேல், அதாவது தை முதல் ஆடி வரை என்றால் 825 கூட்டு. மாதம் 5, அதாவது மார்கழி என்றால் நாள் 16-க்கு மேல் 825. மற்றபடி 824. பங்குனி 8-ஆம் மாதம், 825 அல்லவா கூட்ட வேண்டும்? ஏன் 824 கூட்டுகிறது?


பாலமோர் | சனி, இரவு 9:15

நான் கணினி ஆள் இல்லை, வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் ஆர்வமாக வாசித்துக்கொண்டு வருகிறேன். கொல்லம் ஆண்டுக் கணக்கில் ஒரு உதவி செய்ய முடியும். ஊரறிந்த மூன்று தேதிகளைத் தருகிறேன். உங்கள் பிரமாணங்களை விட்டுவிட்டு இவற்றை மட்டும் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். விடை முன்கூட்டியே தெரியும் கணக்காக இருக்கும்.

ஒன்று, திருவிதாங்கூரே மூழ்கிய 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்'. கொல்லம் 1099, ஆடி. ஆங்கிலக் கணக்கில் 1924 ஜூலை.

இரண்டு, கோயில் நுழைவு அறிவிப்பு. கொல்லம் 1112, ஐப்பசி 27. ஆங்கிலத்தில் 1936 நவம்பர் 12.

மூன்று, வைக்கம் போராட்டம் தொடங்கிய நாள், 1924 மார்ச் 30. கொல்லம் 1099, பங்குனி.


பழையாறு | சனி, இரவு 9:50

ஐயா, மிக்க நன்றி. ஓட்டிப் பார்த்தேன். வெள்ளம் 1924, சரி. கோயில் நுழைவு 1936, சரி. வைக்கம் 1923 என்கிறது. தப்பு.

அதோடு நிற்கவில்லை, 1099-க்குப் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாகக் கொடுத்துப் பார்த்தேன். 01 முதல் 04 வரை 1923, சரி. மார்கழி நாளுக்கு ஏற்ப மாறுகிறது, சரி. 06, 07 இரண்டும் 1924, சரி. 08-உம் 09-உம் 1923. பிறகு 10, 11, 12 மறுபடி 1924. பங்குனியும் சித்திரையும் மட்டும்! இந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும் என்ன வந்தது?


சாரல் | சனி, இரவு 9:58

08, 09! முன்னால் சுழி (பூஜ்யம்) இருக்கிறது. ஐயோ, எண்மம். வேளிமலை அண்ணா வந்து விளக்கட்டும், ஆனால் முதலில் அந்த டெவ் நல் திருப்பத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டுங்கள்.


பழையாறு | சனி, இரவு 10:06

எடுத்துவிட்டு ஓட்டினேன். திரை முழுக்கப் பிழைச் செய்தி. 08 என்ற மதிப்பு அதன் அடிமானத்துக்கு மிகப் பெரியது என்று, வரிக்கு வரி. இத்தனையும் இத்தனை நாளாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது!


வேளிமலை | சனி, இரவு 10:40

சாரல் சொன்னது அப்படியே சரி. பாஷ் கணக்குப் போடும்போது முன்னால் சுழி உள்ள எண்ணை எண்ம முறையில், அதாவது 8-ஐ அடிமானமாக வைத்துப் படிக்கும். எண்ம முறையில் 0 முதல் 7 வரைதான் இலக்கம். 01 முதல் 07 வரை எண்ம முறையிலும் பதின்ம முறையிலும் ஒரே மதிப்பு என்பதால் தப்பித்தன. 10, 11, 12-க்கு முன்னால் சுழி இல்லை, அவையும் தப்பித்தன. 08, 09 மட்டும் எண்ம முறையில் எண்ணே அல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது, இரட்டை அடைப்பு (( )) போட்டு மாதம் >= 6 என்று கேட்கும்போது பிழை வந்தால் பாஷ் செய்தியை அச்சிட்டுவிட்டு 'இல்லை' என்ற விடையோடு தொடரும். ஸ்கிரிப்ட் நிற்காது. அடுத்து மாதம் == 5 என்று கேட்டீர்கள், அதிலும் பிழை, அதற்கும் 'இல்லை'. கடைசியில் 'மற்றபடி' என்ற கிளையில் விழுந்து 824 கூட்டிவிட்டது. இதுவே டாலர் குறியோடு கூட்டல் கணக்காக இருந்திருந்தால் லூப்பே அந்த இடத்தில் கைவிடப்பட்டிருக்கும், உங்களுக்கும் உடனே தெரிந்திருக்கும். நிபந்தனையில் வந்ததால் அமைதியாகப் பொய் சொல்லியிருக்கிறது.

தீர்வு எளிது. கணக்கில் மாறிக்கு முன்னால் 10# என்று ஒட்டுங்கள். டாலர் குறியையும் விட்டுவிடாதீர்கள். இது பதின்ம எண் என்று பாஷுக்குச் சொன்னதாகிவிடும். மாதத்துக்கும் நாளுக்கும் இரண்டுக்குமே செய்யுங்கள். மார்கழி 08, 09 நாட்களில் இதுவரை விடை சரியாக வந்தது தற்செயல், பிழை விழுந்த கிளையும் சரியான கிளையும் ஒன்றாக இருந்ததால்.

வரிசை எண்ணை 0012 என்கிற மாதிரி வைத்திருந்தால் அதைக் கணக்கில் போடும்போதும் இதே எச்சரிக்கை. அங்கே பிழைகூட வராது, 0012 பேசாமல் 10 ஆகிவிடும்.

தொட்டிப்பாலம் கேட்கும் முன் நானே சொல்கிறேன்: பைத்தானில் இன்ட் என்ற சார்புக்கு 08 என்ற சரத்தைக் கொடுத்தால் 8 என்றுதான் வரும். ஆக்கிலும் அப்படியே. இந்த இடத்தில் பைத்தான் காப்பாற்றியிருக்கும்.

பிழைச் செய்தியைத் திருப்புவது பற்றி ஒரு வார்த்தை. எஸ்எஸ்எச்சின் ஒரு எச்சரிக்கைக்காக லூப் முழுவதன் வாயையும் கட்டியிருக்கிறீர்கள். அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் திருப்பியிருந்தால் வியாழக்கிழமையே இது தெரிந்திருக்கும். டெவ் நல்லுக்கு பதிலாக ஒரு ஃபைலுக்குத் திருப்பினால் இன்னும் நல்லது. பின்னால் திறந்து பார்க்கலாம்.


பாலமோர் | ஞாயிறு, காலை 7:05

ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்கழி 16-ஐ எல்லையாக வைத்திருக்கிறீர்கள். ஜனவரி 1 மார்கழி 17-ஐ ஒட்டி வரும், ஆனால் மாதப் பிறப்பு ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆகவே மார்கழி 16, 17, 18 தேதியிட்ட பிரமாணங்களுக்கு ஸ்கிரிப்ட் தானாக முடிவு சொல்ல வேண்டாம். ஒரு நட்சத்திரக் குறி போட்டு ஒதுக்கி வையுங்கள். அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதுவதே முறை. பிரமாணத் தேதியில் ஒரு வருடம் தவறினால் என்ன ஆகும் என்பது உங்கள் சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு கேள்வி. பிரமாணங்களில் ஆண்டு தமிழ் எண்ணில் எழுதியிருக்குமே, ௲௱௩ என்று, அதை எப்படிச் சேர்த்தீர்கள்?


பழையாறு | ஞாயிறு, காலை 9:20

ஐயா, அப்படி எழுதியிருந்தவற்றைச் சித்தப்பா வாசிக்க வாசிக்க நாங்கள் 1103 என்று இந்த எண்ணிலேயே தட்டினோம்.


தொட்டிப்பாலம் | ஞாயிறு, காலை 9:45

நல்ல வேளை. ௧௨ என்று கொடுத்தால் பைத்தான் 12 என்று புரிந்துகொள்ளும். ஆனால் ௰, ௱, ௲ இலக்கங்கள் அல்ல, பத்து நூறு ஆயிரம் என்ற தனிக் குறிகள். அவற்றை இன்ட் ஏற்காது, தனியாக நிரல் எழுத வேண்டியிருக்கும்.


பழையாறு | ஞாயிறு, மாலை 6:15

எல்லாவற்றையும் திருத்தி ஓட்டிவிட்டேன். 612 வரிகள், எல்லாவற்றுக்கும் தாலுகா. பங்குனி, சித்திரை என்று மொத்தம் 97 பிரமாணங்களின் ஆண்டு மாறியது. பாலமோர் ஐயா தந்த மூன்று தேதிகளையும் தனி ஃபைலில் வைத்து, பட்டியலை ஓட்டும் முன் ஸ்கிரிப்ட் முதலில் அவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கும்படி செய்திருக்கிறேன். மூன்றில் ஒன்று தவறினாலும் அங்கேயே நின்றுவிடும். பிழைச் செய்திகள் இப்போது ஒரு ஃபைலுக்குப் போகின்றன. திறந்து பார்த்தேன், காலியாக இருக்கிறது.

சித்தப்பாவுக்கு மறுபடி வாசித்தேன். தை மாதப் பாகப்பிரிவினை 1928, பங்குனிக் கிரயமும் 1928. தலையாட்டினார். அதற்கு அடுத்த கட்டை எடுக்கச் சொன்னார்.

மார்கழி 16, 17, 18-இல் நான்கு பிரமாணங்கள் நட்சத்திரக் குறியோடு நிற்கின்றன. வடசேரியில் சித்தப்பாவின் நண்பர் வீட்டில் பழைய பஞ்சாங்கங்கள் இருக்கின்றனவாம். நாளைக்கு அவரை அழைத்துக்கொண்டு போகிறேன்.